ஆட்சேபணை வரப்பெறவில்லை

நைனார்பாளையத்து ராஜாங்கம் எழுபத்து மூன்று வயது வரையில் யாருக்கும் மனு எழுதியவரில்லை. அவருடைய அப்பாவும் எழுதியதில்லை. தாத்தா ஒரே ஒரு முறை எழுத உட்கார்ந்து, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்ற இடம் வந்ததும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். கை கட்டாத குடும்பம். யாராவது கைதட்டிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குடும்பம். இந்த இரண்டாவது குணம்தான் கடைசியில் வினையாக வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தார்ச்சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. கையில் ஒரு பலகைக் கணினியுடன் இறங்கிய ஆள், மக்காச்சோளக் கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ராஜாங்கத்தைப் பார்த்துக் கைதட்டினான். "யோவ் பெரிசு, இந்த மூலை எடம் யாருது? இன்னா இருக்குது அதுல?" என்றான். ராஜாங்கம் குனிந்த தலை நிமிரவில்லை. மூன்றாவது கைதட்டலுக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். வந்தவன் என்ன செய்வான்? சாலையிலிருந்தபடியே எட்டிப் பார்த்தான். ஆள் உயரத்துக்குச் சோளம் நின்றது. பலகையில் 'காலி இடம்' என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அது காலி இடமில்லை. கிணற்று மேட்டுக்குக் கிழக்கே பதினான்கு சென்ட். நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பம் தன் ஆட்களைப் புதைக்கிற இடம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று வரிசையாகத் தெற்கே தலை வைத்துப் படுத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் போன அவர் மனைவி அமிர்தம். அம்மாவுக்கும் அமிர்தத்துக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தது. அது யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை. அந்த மூலைக்குப் பட்டா வாங்கவில்லை. செத்தவர்களுக்கு எதற்குப் பட்டா என்று தாத்தா சொல்லியிருந்தார். காகிதத்தில் அது அரசாங்கத் தரிசு.

மூன்று வருஷத்துக்கு முன் தட்டிய தட்டு, ஒரு சித்திரை மாதம் அறிவிப்பாக வந்து அவர் வேப்பமரத்தில் ஒட்டிக்கொண்டது.

'மேற்படி காலி இடத்தில் மக்கள் இணையச் சேவை மாளிகை அமைய உள்ளது. ஆட்சேபணை உள்ளோர் முப்பது நாட்களுக்குள் இணையதளத்தில் மட்டும் பதிவு செய்யலாம். சமாதி முதலியன இருப்பதாக ஓர் ஆட்சேபணை வரப்பெற்றாலும் பணி நிறுத்தி வைக்கப்படும். காகிதத்தில் வரும் ஆட்சேபணைகள் ஆட்சேபணைகளாகக் கருதப்படமாட்டா.'

ராஜாங்கம் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு பத்து நாள் சும்மா இருந்தார். ஒரு குடும்பத்தின் சமாதியில் கை வைக்கிறவன் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்பான் என்று எதிர்பார்த்தார். அதுதான் முறை. யாரும் வரவில்லை.

பதினோராம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் கொளஞ்சியப்பனிடம் போனார். நாற்பது வயசுக்காரன், பங்காளி முறை.

"பத்து நிமிஷ வேலை பெரியப்பா. டீ சொல்றேன், ஆறுறதுக்குள்ள முடிச்சிட்லாம்" என்றான் கொளஞ்சியப்பன்.

டீ ஆறியது. மேலே ஆடை படர்ந்தது. அதில் ஒரு எறும்பும் விழுந்தது.

கொளஞ்சியப்பனின் கணினியில் இணையதளங்களைத் திறக்க இரண்டு பிரவுசர்கள் இருந்தன. ஒன்றின் அடையாளம் வண்ணச் சக்கரம், மற்றதன் அடையாளம் நரி. அந்தக் கடையில் அவற்றுக்குப் பெயரே சக்கரம், நரி. ஆட்சேபணைத் தளம் சக்கரத்தில் திறந்தது. பெயர், ஊர், புல எண் என்று படிவம் முழுதாக வந்தது. அடியில் 'சமர்ப்பி' என்ற பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. நரியில் திறந்தால் பொத்தான் இருந்தது. வெள்ளைத் திரையின் நடுவில், நெற்றியில் வைத்த பொட்டு மாதிரி சிவப்பாக, 'சமர்ப்பி'. படிவம் இல்லை.

"இதுல எழுதி, அதுல அமுத்த முடியாதா?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"அதுக்கு இதத் தெரியாது பெரியப்பா. ரெண்டும் ஒரே வூட்ல கீற பங்காளிங்க மாதிரி. பேச்சுவார்த்த கெடையாது."

அன்றும் அடுத்த மூன்று நாளும் கொளஞ்சியப்பன் தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தான். பழைய பக்கங்களின் நினைவைத் துடைத்தான். குக்கீயை அழித்தான். மறைவு ஜன்னலில் திறந்தான். தேதியைச் சரிபார்த்தான். எழுத்தைப் பெரிதாக்கினான், சிறிதாக்கினான். கணினியை அணைத்து, முப்பது எண்ணி, திரும்பப் போட்டான். கைப்பேசியில் பார்த்தபோது தளமே, 'தயவுசெய்து கணினியில் முயலவும்' என்றது. ராஜாங்கம் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இறந்தவர்களுக்குக் காரியம் செய்யும்போது அவர் அப்படித்தான் உட்காருவார்.

பதினைந்தாம் நாள் இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். மாவட்ட இணையவழி ஆட்சேபணை மையம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. வாசலில் 'உங்கள் குறை, எங்கள் திரை' என்று பலகை. உள்ளே உதவி மேசையில் தனுஷா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண்தான். விதியை மீறாமல் எவ்வளவு நல்லவளாக இருக்க முடியுமோ அவ்வளவு நல்லவள்.

"அய்யா, எந்த பிரவுசருங்க?"

"சக்கரம். நரியும் பார்த்தாச்சும்மா."

"ரெண்டும் பார்த்தீங்கன்னா ரெண்டு புகாருங்க. ரெண்டையும் ஒரே புகாராக் குடுத்தா, ஒண்ண ஒண்ணு ஆட்சேபிக்கிறதா சிஸ்டம் எடுத்துக்கும்." அவள் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கட்டுக் காகிதம் எடுத்தாள். "இது பிரவுசர் விவர உறுதிமொழி. மூணு காப்பி. ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். குக்கீயை மனுதாரர் தன் சுயநினைவோட அழிச்சார்னு சாட்சிங்க எழுதணும்."

ராஜாங்கம் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "காகிதம் செல்லாதுன்னு போட்டிருக்குதேம்மா."

"ஆட்சேபணைக்குத்தான் செல்லாதுங்க. ஆட்சேபணை போட முடியலங்கிறதுக்குக் காகிதம் மட்டுந்தான் செல்லும்."

உறுதிமொழியோடு ஒரு புகைப்படமும் கேட்டார்கள். மனுதாரர் திறக்காத திரைக்குப் பக்கத்தில், முகமும் திரையும் தெளிவாகத் தெரியும்படி நிற்க வேண்டும். திரையில் ஒன்றும் தெரியாமல் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். நைனார்பாளையம் திரும்பியதும் நரியின் வெள்ளைத் திரைக்கு அருகில் ராஜாங்கத்தை நிறுத்திக் கொளஞ்சியப்பன் படம் எடுத்தான். தோளில் துண்டு, முறுக்கு கலையாத மீசை. அவருக்குக் கல்யாணத்தில் எடுத்த படத்துக்குப் பிறகு அப்படி நிமிர்ந்து எடுத்த படம் அது ஒன்றுதான். அந்தப் படத்தில் பக்கத்தில் அமிர்தம் நின்றாள். இதில் அந்த இடத்தில் வெள்ளையாக இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் கள ஆய்வு என்று குறுஞ்செய்தி வந்தது. ராஜாங்கம் அன்று காலையிலேயே கிணற்று மேட்டுக்குப் போய்ச் சமாதிகளைச் சுற்றிப் புல் செதுக்கிவைத்தார். அமிர்தத்தின் தலைமாட்டுக் கல்லைக் கழுவி மஞ்சள் பூசினார். பார்க்க வருகிறவனுக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது.

ஆய்வாளர் பிரவீன்குமார் பதினொரு மணிக்குக் கடைத்தெருவில் இறங்கி, நேராகக் கொளஞ்சியப்பன் கடைக்குள் போனார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். சக்கரத்தைத் திறந்தார், மூடினார். நரியைத் திறந்தார், மூடினார். கணினிக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

"உலாவிகள் நேரில் பார்வையிடப்பட்டன. உலாவிகள் உள்ளன. எண்ணிக்கை இரண்டு. ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை."

ஆள் விட்டுச் சொல்லி ராஜாங்கம் வந்து சேர்ந்தபோது பிரவீன்குமார் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். ராஜாங்கத்தின் முழங்காலில் செம்மண் ஒட்டியிருந்தது. கையில் மஞ்சள்.

"தம்பி, எடம் பக்கத்துலதான். அரை கிலோமீட்டர். ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போங்க" என்றார்.

"எனக்குக் குடுத்திருக்கிற வேலை பிரவுசருங்க அய்யா. சமாதி வேற செக்‌ஷன்."

"அந்த செக்‌ஷன் ஆளு எப்ப வருவாரு?"

"நீங்க ஆட்சேபணை போட்டதும் வருவாருங்க" என்று சொல்லிவிட்டு, பிரவீன்குமார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

கொளஞ்சியப்பன் வண்டி போன திக்கைப் பார்த்தபடி, "நல்ல வேள பெரியப்பா, ஆக்கிரமிப்பு இல்லன்னு எழுதிக்கினு போயிட்டாரு. இல்லாங்காட்டி எங்கடையையும் இடிச்சிருப்பானுவ" என்றான். ராஜாங்கம் சிரிக்கவில்லை. கையிலிருந்த மஞ்சளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் நாள் அவர் கொளஞ்சியப்பனோடு மறுபடி கள்ளக்குறிச்சிக்குப் போய், மையத்தின் துணை இயக்குநர் இளஞ்செழியன் அறைக்கு வெளியே காலை பத்து மணியிலிருந்து உட்கார்ந்தார். மூன்றரைக்கு உள்ளே விட்டார்கள். இளஞ்செழியன் நன்றாகப் படித்தவர், நன்றாகப் பேசுபவர். மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் தாம் வாங்கிய விருதுகளின் படங்களை வைத்திருந்தார். அவர் நாற்காலி காட்டவில்லை. ராஜாங்கம் நின்றார். கொளஞ்சியப்பன் விஷயத்தைச் சொன்னான். இளஞ்செழியன் பொறுமையாகக் கேட்டு, பொறுமையாகப் பதில் சொன்னார்.

"பெரியவரே, ஒண்ணு புரிஞ்சுக்கணும். எங்க தளத்துல பிழை கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி, அப்ப இருந்த பிரவுசருக்குன்னு அளவெடுத்துத் தைச்ச தளம் அது. தளம் அங்கேயேதான் நிக்குது. பிரவுசருங்கதான் வாராவாரம் அப்டேட் ஆயி தூரமாப் போயிட்டாங்க. ஓடிப்போனவங்களை விட்டுட்டு, வீட்டுல இருக்கிறவங்களைக் குத்தம் சொல்லலாமா?"

"தளத்த மாத்தலாமில்ல சார்" என்றான் கொளஞ்சியப்பன்.

"மாத்தினா, இதுவரைக்கும் தப்பா இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். ஒன்பது வருஷத்துல இந்தத் தளத்துக்கு மூணு விருது வந்திருக்கு. அதுல ஒண்ணு எளிமைக்கு. ஏன் தெரியுமா? மத்த மாவட்டத்துல எல்லாம் ஆட்சேபணை ஆயிரக்கணக்குல வருது. நம்ம மாவட்டத்துல வர்றதே இல்ல. மக்கள் திருப்தியா இருக்காங்கன்னு மேலிடத்துல புரிஞ்சுக்கிட்டாங்க."

"உங்க ஆபீஸ்லயாவது திறக்குதுங்களா?" என்று கேட்டான் கொளஞ்சியப்பன்.

"அருமையாத் திறக்குதே." இளஞ்செழியன் தம் கணினியை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். படிவமும் இருந்தது. அடியில் சிவப்புப் பொத்தானும் இருந்தது. பதினெட்டு நாளாக ராஜாங்கம் இரண்டையும் ஒரே திரையில் பார்த்ததில்லை. "இதுக்குன்னே பழைய பிரவுசரைப் பாதுகாத்து வச்சிருக்கோம். தினமும் காலையில திறந்து பார்த்து, 'தளம் நலம்'னு அறிக்கை அனுப்பறோம்."

ராஜாங்கம் மேசையருகே ஓரடி வந்தார். "அப்ப இதுலயே போட்டுடலாங்களா?"

இளஞ்செழியன் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "அது எப்படிங்க? ஆட்சேபணையைக் கேக்கிறவங்க மெஷின்லயே ஆட்சேபணை போட்டா நடுநிலைமை என்ன ஆகறது? நாளைக்கு நாங்களே உங்களைத் தூண்டிவிட்டோம்னு பேச்சு வராதா?"

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாளையோடு முப்பது நாள். ராஜாங்கம் தொண்டையைக் கனைத்தார். எழுபத்து மூன்று வருஷமாக அந்த வாய் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

"தயவு பண்ணுங்க" என்றார்.

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். இளஞ்செழியன் எதையோ திரையில் தேடிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. தேடியது கிடைத்ததும் முகம் மலர்ந்தது.

"இருக்குதுங்க. கல்வராயன் மலையில நம்ம துணை மையம் ஒண்ணு இருக்கு. பொதுமக்களுக்குன்னே குடுத்த கம்ப்யூட்டர். அங்க நெட் சரியா வர்றதில்லங்கிறதால அப்டேட்டே ஆகல. பழைய பிரவுசர் அப்படியே சுத்தமா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் அஞ்சே முக்கால் வரைக்கும் டைம் இருக்கு. போய்ட்டு வாங்க. எங்க மேல நம்பிக்கை வச்சு வந்தீங்க, வழி சொல்லிட்டேன் பாருங்க."

முப்பதாம் நாள் காலையில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறும் பேருந்தைப் பிடித்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ராஜாங்கம் கம்பியைப் பிடிக்காமல் உட்கார்ந்து வந்தார். வெள்ளிமலையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், பிறகு ஒன்றரை கிலோமீட்டர் நடந்து துணை மையத்தை அடைந்தபோது மணி இரண்டரை ஆகியிருந்தது.

ஓடு வேய்ந்த ஒற்றை அறை. அதைத் திறந்து மூடுவதற்கென்று சின்னக்கண்ணு என்ற மலைக்காரர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் மேசைமேலிருந்த சிவப்புத் துணியை மெதுவாக எடுத்தார். உள்ளே கணினி, அட்டைப்பெட்டியிலிருந்து அன்று எடுத்தது போல இருந்தது.

"நாலு வருசமா தெனம் தொடச்சி வைக்கிறேனுங்க. ஒரு தூசி கெடையாது" என்றார் சின்னக்கண்ணு.

"இதுல யாராச்சும் ஆட்சேபண போட்டிருக்காங்களா?" என்று கேட்டான் கொளஞ்சியப்பன்.

"வருவாங்க. இங்க நெட் இல்லன்னு நான் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிச்சிடுவேன். அங்க பொத்தான் இல்லன்னு அவங்க இங்க அனுப்பிச்சிடுவாங்க. ரெண்டு வாட்டி மலை ஏறி எறங்கினா பாதிப் பேருக்கு ஆட்சேபணையே மறந்துபூடும்."

கணினியைப் போட்டார்கள். பழைய பிரவுசர் இருந்தது. நெட் இல்லை. கொளஞ்சியப்பன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினான், வாசலில் நின்றான், பலா மரத்தடிக்குப் போனான். ஒரு கோடுகூட வரவில்லை. "பாறைமேல வருங்க. ஆனா பாறைலேருந்து இங்க எட்டாது" என்றார் சின்னக்கண்ணு. பாறை இருபது தப்படி தூரத்தில் இருந்தது. கடைசியில் கணினியையே தூக்கிக்கொண்டு போனார்கள். திரையை ராஜாங்கம் சுமந்தார், பெட்டியைக் கொளஞ்சியப்பன் சுமந்தான், சின்னக்கண்ணு மின்சார ஒயரை அவிழ்த்துக்கொண்டே பின்னால் வந்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நான்கைந்து பேர் வந்து தள்ளி நின்று பார்த்தார்கள். பாறைமேல் துண்டை விரித்துக் கணினியை வைத்தபோது மணி நாலே கால்.

கைப்பேசியிலிருந்து நெட் கொடுத்ததும் தளம் திறந்தது. படிவம் வந்தது. அடியில் சிவப்புப் பொத்தானும் வந்தது. சின்னக்கண்ணு கணினியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கொளஞ்சியப்பன் வேகமாக நிரப்பினான். "அங்க யார் இருக்காங்கன்னு கேக்குது பெரியப்பா. பேரும் உறவும் போடணும்."

ராஜாங்கம் வரிசையாகச் சொன்னார். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா. அடுத்த பேருக்கு நின்றார். ஐம்பது வருஷக் குடித்தனத்தில் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பார், அல்லது ஒரு இருமல். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அமிர்தம்" என்றார். "மனைவி."

"எந்த எடத்துலன்னு துல்லியமாக் கேக்குது."

"கெணத்து மேட்டுக் கல்லுலேருந்து கெழக்க பதினோரு தப்படி எங்கம்மா. பதிமூணு தப்படி அவ. தலை தெக்க."

கொளஞ்சியப்பன் அப்படியே அடித்தான். சமாதிகளின் படத்தை ஏற்ற இருபது நிமிஷம் பிடித்தது. கடைசியில், 'மேற்கண்டவை உண்மை' என்ற கட்டத்தில் குறி போட்டான். மணி ஐந்து பத்து. "அமுத்துங்க பெரியப்பா. உங்க கையால அமுத்துங்க" என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினான்.

ராஜாங்கம் விரலை வைத்தார். அமுக்குவதற்குள் திரை நீலமாகிவிட்டது.

நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. கீழே, 'புதுப்பிக்கப்படுகிறது. இருநூற்றுப் பதினான்கில் ஒன்று. கணினியை அணைக்க வேண்டாம்' என்று வந்தது.

கொளஞ்சியப்பன் பொத்தான்களை அழுத்திப் பார்த்தான். வட்டம் சுற்றியது. நான்கு வருஷமாக நெட்டையே பார்க்காத கணினி, பார்த்த உடனே தனக்கு வரவேண்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"நாலு வருசப் பசிங்க அதுக்கு" என்றார் சின்னக்கண்ணு, குற்றம் தம்முடையது போல. "எதிர்ல எல போட்டா உடுமா?"

ஐந்தே முக்காலுக்கு வட்டம் முப்பத்தொன்றில் இருந்தது. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஆறரைக்குக் கொளஞ்சியப்பன் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. மலையில் வந்த ஒரே செய்தி. 'நைனார்பாளையம் பணி: கால அவகாசம் முடிவுற்றது. ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை. தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி.'

ராஜாங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கணினியைத் திரும்ப அறைக்குள் கொண்டுபோய் வைத்து, சிவப்புத் துணியைப் போர்த்திவிட்டுத்தான் இறங்கினார். இரவல் வாங்கிய பொருளை இருந்த இடத்தில் வைப்பது அவர் வீட்டு வழக்கம்.

நான்காம் நாள் இயந்திரம் வந்தது. ஓட்டுநர் உளுந்தூர்பேட்டைப் பக்கத்து ஆள். மண்ணைத் தொடுவதற்கு முன்னால் இறங்கி வந்து கற்களைப் பார்த்தார், ராஜாங்கத்தைப் பார்த்தார். "பெரியவரே, இங்க ஆளுங்க இருக்காப்பல தெரியுதே" என்றார். இத்தனை நாளில் அந்த இடத்துக்கு வந்து அதைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். கூட வந்த மேற்பார்வையாளர் கைப்பேசியில் பார்த்துவிட்டு, காலி இடம் என்றுதான் போட்டிருக்கிறது என்றார். ஓட்டுநர் சாமி கும்பிட்டுவிட்டு ஏறினார். மதியத்துக்குள் தரை களம் போலச் சமமாகிவிட்டது. தலைமாட்டுக் கற்களை ஓரமாகக் குவித்தார்கள். பிறகு அடித்தளத்துக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு ராஜாங்கத்தை அழைத்திருந்தார்கள். இந்த முறை ஆள் நேரில் வந்தான், வாசலில் நின்று 'அய்யா' என்றான். முறையாகக் கூப்பிட்டால் போகாமல் இருக்கும் குடும்பமில்லை. கொளஞ்சியப்பன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

பந்தல் போட்டு, பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். இளஞ்செழியன் ஒலிவாங்கியின் முன் நின்று பேசினார்.

"பொதுவா ஒரு திட்டம்னா பத்துப் பேர் எதிர்ப்பாங்க, இருபது பேர் நீதிமன்றம் போவாங்க. இந்த ஊர்ல ஒரே ஒரு ஆட்சேபணை கூட வரலைங்க. நூத்துக்கு நூறு சம்மதம். இந்த மாளிகை எழுந்ததும் இதே எடத்துல உட்கார்ந்து நீங்க எந்த ஆட்சேபணையும் போட்டுக்கலாம். தொழில்நுட்பம் மனுஷனோட வாசலுக்கு வந்திருக்கு. பக்கத்து நிலத்துக்காரர், பெருந்தன்மையான குடும்பம், ராஜாங்கம் அய்யாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த விரும்பறேன். அவருக்கான பாராட்டுச் சான்றிதழை நம்ம தளத்துல இன்னைக்குக் காலையிலேயே ஏத்திட்டோம்."

முன்வரிசையிலிருந்த கொளஞ்சியப்பன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான். தளம் சக்கரத்தில் திறந்தது. நரியிலும் திறந்தது. கைப்பேசியிலேயே திறந்தது. ராஜாங்கத்தின் படமும் இருந்தது, அன்று வெள்ளைத் திரைக்குப் பக்கத்தில் எடுத்த படம். திரையை மட்டும் வெட்டியிருந்தார்கள்.

ராஜாங்கம் எழுந்து மேடைக்கு நேராகப் போகவில்லை. பந்தலுக்கு வெளியே கிணற்று மேட்டுக் கல்லருகே போய் நின்றார். செருப்பைக் கழற்றி வைத்தார். அங்கிருந்து கிழக்கே, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, ஒரே அளவாக அடி வைத்து நடந்து வந்தார். மேடை என்று தனியாக உயரம் இல்லை, கம்பளம்தான். பன்னிரண்டாவது தப்படியில் நின்றுவிட்டார். இளஞ்செழியன் பொன்னாடையை விரித்தபடி அவருக்கு எதிரில், ஒரு தப்படி கிழக்கே நின்றார்.

"செருப்பெல்லாம் கழட்டிட்டு வர்றீங்களே அய்யா. எங்க மேல அவ்வளவு மரியாதையா?" என்றார் இளஞ்செழியன் ஒலிவாங்கியில். கூட்டம் கைதட்டியது.

ராஜாங்கம் அவர் காலணியைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "தலைமாட்டுல நிக்கிறீங்க" என்றார் மெதுவாக. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இளஞ்செழியனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. படம் எடுக்கிறவனுக்கு மறைக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சிரித்த முகத்துடன், பொன்னாடையை மடங்காமல் பிடித்தபடி, இரண்டு தப்படி மேற்கே நகர்ந்து நின்றார்.

அங்கே ராஜாங்கத்தின் அம்மா இருந்தார்.